கால் வாட்டுக்கும் குறைவாக

கைப்பேசியில் சார்ஜ் ஏறவில்லை என்று போன வாரம் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன். கடை என்று சொன்னால் அதன் சொந்தக்காரர் சந்தோஷப்படுவார். இரண்டு ஜவுளிக்கடைகளுக்கு நடுவே ஆள் ஒருக்களித்து நுழையும் இடுக்கு அது. தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு அவர் சால்டரிங் வைத்தார். ஈயம் உருகி, அதோடு சேர்ந்து பிசின் தீயும் வாசனை எழுந்தது. "தள்ளி நில்லுங்கம்மா, இருமல் வரும்" என்றார். என் சம்பாத்திய காலம் முழுக்க அந்தப் புகைக்குள்ளேயே உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தவள் நான். சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. இப்போதெல்லாம் நான் எதைச் சொன்னாலும் "அப்டியாம்மா" என்று முடித்துவிடுகிறார்கள்.

அந்தப் பிசின் வாசனை சாம்பிராணிக்கு தூரத்துச் சொந்தம். அப்படி எனக்கு முதலில் சொன்னவர் பிரான்சிஸ் அண்ணன். "உன் கடைக்குள்ள வந்தா கோயில்ல பூசைக்கு நிக்கிற மாரியே கீதும்மா" என்பார். ராயபுரத்து மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவர். துறைமுகத்தில் கிரேன்களுக்கு எலக்ட்ரீஷியன். நான் அப்போது மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே சொந்தமாக ஒரு கடை வைத்துப் படகுகளின் வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தாவுக்கு இதில் பெருமையா வருத்தமா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. பாய் வீட்டுப் பெண் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்திருப்பதை வேடிக்கை பார்க்கவே சிலர் பழுதில்லாத செட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். உப்பேறி, மீன் நாற்றம் ஏறி, திறந்தால் உள்ளே கரப்பான் குடும்பம் நடத்தும் செட்டுகள். அவற்றோடு மல்லுக்கட்டிய பிறகு எனக்குச் சமையலறைக் கரப்பான் மேல் பயம் போய்விட்டது. அது ஒன்றுதான் அந்த வேலையில் எனக்குக் கிடைத்த போனஸ்.

அண்ணன் என் கடைக்கு வந்தது படகு விஷயமாக அல்ல. அவருக்கும் எனக்கும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் இருந்தது. வீட்டிலிருந்தே வானொலி அலையில் முகம் தெரியாத ஆட்களோடு பேசும் பைத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பைத்தியத்திலும் அவருடையது தனி ரகம். அவருக்குப் பேசுவதில் ஆசை இல்லை. ஒரு பீக்கன் வைக்க வேண்டும். பீக்கன் என்றால், யாரிடமும் எதுவும் கேட்காமல், தன் பெயரை மட்டும் தந்திக் குறியில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும் சின்ன டிரான்ஸ்மிட்டர். எங்கோ ஒருவர் காதில் அது விழுந்தால், இன்றைக்கு அலை அவ்வளவு தூரம் போகிறது என்று அர்த்தம். கலங்கரை விளக்கம் மாதிரி. ஆனால் வெளிச்சம் மட்டும் கால் வாட். நம் வீட்டு மூலையில் ராத்திரி எரியும் ஜீரோ வாட் விளக்கு கூட அதைவிடப் பெரியது.

அனுமதியெல்லாம் வாங்கி, எர்ணாவூர் பக்கம் இருந்த தன் வீட்டு மொட்டை மாடியில் ஒரு குழாயை நட்டு, உச்சியில் கம்பியைக் கட்டினார். கொஞ்ச நாளில் ஜப்பானிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது: உங்கள் சத்தம் கேட்டது, மிக மெல்லியதாக. அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். அவர் மனைவி டெய்சி அக்காவுக்குக் கோபம். "சாமிக்குப் பக்கத்துல இன்னாயா ஜப்பான்காரன்?" என்றார். "அவனும் நாம சொன்னத கேட்டாண்டி" என்றார் அண்ணன்.

அந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓடும் ஆஸ்பெஸ்டாஸுமாக எதிரெதிர் வீடுகள். நடுவில் சாக்கடை. கிழக்கே கொஞ்சம் நடந்தால் பாறைக்கல் கொட்டிய கடற்கரை. மேற்கே புகைபோக்கிகள். யாருடைய புகைபோக்கி என்று கேட்காதீர்கள். ஒன்றா இரண்டா, அங்கே வரிசையாக நின்றன. எந்தப் புகை எதிலிருந்து வருகிறது என்று தெருக்காரர்களுக்கே தெரியாது. வாசனையை வைத்துப் பெயர் வைத்திருந்தார்கள். முட்டை நாத்தம், மருந்து நாத்தம், ரப்பர் நாத்தம். மேல்காற்று அடிக்கும் மாதங்களில் கொடியில் காயும் துணியை ஒருமுறை உதறாமல் யாரும் உடுத்த மாட்டார்கள். நான் வெள்ளைத் துப்பட்டா போட்டுக்கொண்டு ஒரே ஒருமுறை போனேன். திரும்பி வந்தபோது அது வேறு நிறம்.

அண்ணன் வீட்டுக்கு எதிர்வீட்டில் கஸ்தூரி இருந்தாள். புருஷன் இல்லை, கூடப்பிறந்த அண்ணன் குமார் ஆட்டோ ஓட்டினான். கஸ்தூரிக்கு ஒரே பெண், நித்யா. ஒன்றாம் வகுப்பு. பிரான்சிஸ் அண்ணன் தன் பீக்கன் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஜன்னலோரம் ஒரு ரேடியோவை மெல்லிய சத்தத்தில் வைத்திருப்பார். டிட் டா டிட் என்று அது கூவிக்கொண்டே இருக்கும். நித்யா அதற்கு டிட்டி என்று பெயர் வைத்திருந்தாள். தெருவில் பாண்டி ஆடும்போது அந்தத் தாளத்துக்குத்தான் குதிப்பாள். குறுகிய சத்தத்துக்கு ஒற்றைக் கால், நீண்ட சத்தத்துக்கு இரண்டு கால். நான் தந்தி கற்றுக்கொள்ளப் பட்ட பாடு நினைவுக்கு வந்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக் கூட இருந்தது.

ஆடி மாதத்தில் அவளுக்கு இழுப்பு வந்தது. முதலில் சளி என்றார்கள். பிறகு ஆஸ்பத்திரி, முகத்தில் மூடி வைத்து மருந்துப் புகை, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. அந்தத் தெருவில் இழுப்பு புதிதல்ல. நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் யாராவது உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். ஆனால் குழந்தைக்கு வந்தால் காரணம் தேடுவோம் இல்லையா? அந்தச் சமயம் செல்போன் டவரைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சிட்டுக்குருவி செத்துவிட்டது, கரு கலைகிறது என்று. தெருவில் டவர் இல்லை. பிரான்சிஸ் அண்ணன் வீட்டு மாடியில் ஒரு கம்பி இருந்தது.

அவர் ஒருநாள் என் கடைக்கு வந்து உட்கார்ந்தார். வழக்கமாக உள்ளே நுழைந்ததும் ஏதாவது ஒரு செட்டைத் திறந்து மோந்து பார்ப்பார். அன்றைக்கு எதையும் தொடவில்லை.

"தண்ணி லாரி வந்தா டெய்சியோட குடத்த மட்டும் தள்ளி வெக்கிறாங்கம்மா" என்றார். "குமாரு மூஞ்சி குடுத்துப் பேசமாட்டேன்றான். நம்ம கம்பிலேர்ந்துதான் குழந்திக்கு இப்டி ஆச்சுன்னு சொல்லிகினு கீறானாம். நீ வந்து அத்தினி பேர் எதிர்லயும் அளந்து சொல்லிடு. எவ்ளோ வருதுன்னு அவங்களே பாக்கட்டும்."

"நீங்களே சொல்லலாமேண்ணே?"

"நான் சொன்னா என் கம்பிக்கு நானே வக்கீலு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர்கள் வந்த பிறகு, என் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனேன். டிரான்ஸ்மிட்டர் எவ்வளவு தருகிறது என்று பார்ப்பது சுலபம். அதில் எவ்வளவு உண்மையில் காற்றில் போகிறது என்பது வேறு கணக்கு. வயரில் கொஞ்சம் சூடாகிப் போகும், துரு பிடித்த முனையில் கொஞ்சம் போகும். அதனால் தராசு மாதிரி ஒரு வழி வைத்திருந்தோம். தெருமுனையில் இருந்த பள்ளிக்கூட மைதானத்தின் கடைசியில் ரிசீவரை வைத்து, அண்ணனின் கம்பிக்கு அதன் முள் எதுவரை போகிறது என்று பார்ப்பது. பிறகு அதே உயரத்தில், எல்லாம் தெரிந்த என் கம்பியைக் கட்டி, அளந்த மின்சாரத்தைக் கொடுத்து, முள் அதே இடத்துக்கு வரும்வரை குறைப்பது. காய்கறிக்கு எதிர்த்தட்டில் படிக்கல் வைப்பது போலத்தான்.

மாடிக்கும் மைதானத்துக்கும் நான் மூச்சு வாங்க நடந்ததை அந்தத் தெருவே நின்று பார்த்தது. நான் அப்போதே கொஞ்சம் பூசின உடம்பு. "டாக்டரம்மாவா?" என்று ஒரு கிழவர் கேட்டார். "ரேடியோ ரிப்பேருங்க" என்றதும் அவர் முகத்தில் மரியாதை இறங்கியது. குமார் மட்டும் என் பின்னாலேயே வந்தான். ஏமாற்றிவிடுவேனோ என்று சந்தேகம். வரட்டும் என்று விட்டேன். ரிசீவர் முள்ளை அவனையே பார்க்கச் சொன்னேன்.

கணக்கு வந்தது. கால் வாட்டில் பாதிகூட வெளியே போகவில்லை. உப்புக்காற்றில் கம்பியின் இணைப்பு அரித்துப் போயிருந்தது. அத்தனை கவலையிலும் அண்ணன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். "இத்தினி நாளா பாதிதான் போச்சா?" என்று என் காதோரம் கேட்டார். ஹாம்காரனின் ரோஷம்.

நான் தெருவுக்கு நடுவில் நின்று, பாடம் எடுக்கிற குரலில் விளக்கினேன். ஒரு சின்ன சீரியல் பல்பை அந்த டிரான்ஸ்மிட்டரில் மாட்டிக் காட்டினேன். அது மின்மினி மாதிரி கண்ணைத் திறந்தது. "இவ்வளவுதான். இதுலயும் பாதிதான் கம்பியிலேர்ந்து வெளிய போகுது. உங்க பாக்கெட்ல இருக்கற போன்ல இதைவிட ஜாஸ்தி வருது."

குமார் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்ப கொஞ்சமாவது வருதுல்லக்கா?" என்றான்.

பொய் சொல்லியிருக்கலாம். "வருது" என்றேன்.

"வருதாம்" என்று பின்னால் யாரோ மற்றவர்களிடம் சொல்வது கேட்டது. நான் கொண்டுபோன எண்ணிலிருந்து அந்த ஒரு சொல்தான் தெருமுனை வரை போயிற்று.

கஸ்தூரி நித்யாவை இடுப்பில் வைத்திருந்தாள். இடுப்பில் வைக்கிற வயதல்ல அந்தக் குழந்தைக்கு. எடை அவ்வளவு இறங்கியிருந்தது. மூச்சுக்கு மூச்சு அதன் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. கஸ்தூரி என் ரிசீவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மேற்கே புகைபோக்கிகளை முகவாயால் காட்டினாள்.

"இந்தப் பொட்டி அத்த அளக்குமாக்கா?"

"இல்ல கஸ்தூரி. இது வேற. அதுக்குத் தனியா மிஷின் இருக்கு."

"அது யார்கிட்ட கீது?"

ஆபீஸ் ஒன்று இருக்கும், விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஐப்பசி பிறந்தபோது அண்ணன் பீக்கனை நிறுத்திவிட்டார். யாரும் கேட்கவில்லை, அவராகவே. "ஒரு மாசம் பாக்கட்டுமே" என்றார் என்னிடம். அந்த மாதம் மழை கொட்டியது. காற்று திரும்பிக் கடலிலிருந்து அடித்தது. புகை வேறு பக்கம் போயிற்று. நித்யா தேறினாள். படுத்துத் தூங்கினாள், பள்ளிக்கூடம் போனாள். தெருவுக்கு வேறு சாட்சி வேண்டுமா? மழையையும் காற்றையும் பற்றி நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குமார் ஒரு டப்பா இனிப்போடு அண்ணன் வீட்டுக்கு வந்து, "மனசுல வெச்சுக்காதண்ணே. ஆனா அத்த எறக்கிடுண்ணே" என்றான். அண்ணன் அவன் எதிரிலேயே மாடி ஏறி, கம்பியை வெட்டி, சுருட்டிக் கீழே கொண்டுவந்தார். டெய்சி அக்காவின் குடத்துக்குப் பழைய இடம் கிடைத்தது.

அந்தச் சில வாரங்கள் அண்ணன் சந்தோஷமாகவே இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். நான்தான் கறுவிக்கொண்டிருந்தேன். "நீங்க தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சேண்ணே" என்றேன். "குழந்தி தூங்குதுல்ல, வுடு" என்றார்.

தை மாதப் பனியில் புகை மேலே எழும்பாது. விடிகாலையில் தெருவுக்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளும். வெயில் ஏறும்வரை நகராது. போகி முடிந்து சில நாட்களில் நித்யாவுக்கு மறுபடி இழுத்தது. இந்த முறை குமாரின் ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. சாலை முழுக்க கண்டெய்னர் லாரிகள், ஒன்றை ஒட்டி ஒன்று, துறைமுக வாசல் வரை. குமார் ஆட்டோவை விட்டு இறங்கி, லாரிகளுக்கு நடுவே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். பின்னால் கஸ்தூரி. குழந்தை வழியிலேயே அடங்கிவிட்டது. ஓடி முடித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்திய பிறகுதான் அவனுக்குத் தெரிந்ததாம்.

மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தார்கள். நான் போனபோது மண் மூடியாகிவிட்டது. கூட்டத்துக்குப் பின்னால் அண்ணன் நின்றிருந்தார், செருப்பைக் கையில் பிடித்தபடி. ஏன் கையில் வைத்திருந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அன்றைக்கு அந்தத் தெருவில் எந்தக் கம்பியும் இல்லை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

காரியம் முடிந்த பிறகு குமார் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் உள்ளே டெய்சி அக்காவோடு இருந்தேன். உள்ளே வா என்றால் வரவில்லை. நிலைப்படியைச் சுரண்டிக்கொண்டிருந்துவிட்டு, "கம்பி எங்கண்ணே வெச்சுகீற? நான் ஏறிக் கட்டிக் குடுக்கறேன்" என்றான்.

"வேணாம் குமாரு."

"பாப்பா அந்தச் சத்தத்துக்குக் குதிக்கும்ணே."

"தெரியும்டா." அண்ணன் எழுந்து போய் அவன் தோளில் கை வைத்தார். அவன் அந்தக் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டான். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

கஸ்தூரி அழுது நான் பார்க்கவில்லை. அவள் என் கடைக்கு வந்தாள், பஸ் பிடித்து, தனியாக. "அளக்கற ஆபீஸ் எதுன்னு சொல்றேன்னியே" என்றாள். நான் விசாரித்து வைத்திருந்தேன். இரண்டு பேரும் போனோம். ஒரு முறை அல்ல, பல முறை. ஒவ்வொரு முறையும் வேறு அறை, வேறு நாற்காலி. ஒருவர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "வீட்டுல விறகடுப்பா? கொசுவத்தி கொளுத்துவீங்களா? போகிக்கு டயர் எரிச்சாங்களா?" என்று கேட்டார். கஸ்தூரி எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "எங்க அடுப்ப கூட வந்து அளங்க சார். அப்டியே அந்தப் பொகையையும் அளங்க" என்றாள்.

கடைசியில் வந்தார்கள். மினி வேனில் ஒரு பெட்டியோடு. அது வைகாசி, கடல்காற்று திரைச்சீலையைப் பிய்த்துக்கொண்டு அடித்த நாள். மேற்கே ஒரு புகைபோக்கியில் புகையே இல்லை. பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கிறார்கள் என்றார்கள். பெட்டியைத் தெருமுனையில் வைத்துவிட்டு, மாலையில் எடுத்துக்கொண்டு போனார்கள். அளவு வரம்புக்குள் இருப்பதாகப் பதில் வந்தது. பொய்யான எண் என்று சொல்ல மாட்டேன். அந்த நாளுக்கு, அந்தக் காற்றுக்கு அது சரியான எண்ணாகவே இருந்திருக்கும். என் எண்ணும் சரியான எண்தான். நான் அதை எத்தனை ஒழுங்காக, எத்தனை பெருமையோடு எடுத்தேன்.

அண்ணன் அப்புறம் ரேடியோவைத் தொடவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகனோடு வெளியூர் போனார். அங்கேதான் இறந்தார், நெஞ்சில் நீர் கோத்து. எனக்குத் தகவல் தாமதமாக வந்தது. டெய்சி அக்கா போனில், "சாவுறதுக்கு முன்ன உன்ன கேட்டாரும்மா, அந்தப் பொண்ணு கடைய மூடிட்சான்னு" என்றார். கடையை அதற்கு முன்பே மூடிவிட்டிருந்தேன். இப்போது படகுக்காரர்கள் செட்டு கெட்டால் புதிதே வாங்கிவிடுகிறார்கள்.

கஸ்தூரி வியாசர்பாடியில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் இருக்கிறாள். எப்போதாவது பேசுவோம். அவள் நித்யாவைப் பற்றிப் பேச மாட்டாள், நானும் எடுக்க மாட்டேன். மாடிப்படி ஏறினால் தனக்கும் இளைக்கிறது என்று மட்டும் சென்ற முறை சொன்னாள்.

இவ்வளவும் அந்தக் கடை இடுக்கில் நின்றபோது நினைவுக்கு வந்ததா என்றால், இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு வந்தது, துண்டு துண்டாக. மறுநாள் காலை ஆட்டோ பிடித்து எர்ணாவூருக்குப் போனேன். போய் வருடக்கணக்காகிவிட்டது.

தெரு இல்லை. சாலையை அகலப்படுத்தக் கொஞ்சம் எடுத்து, மிச்சத்தையும் சேர்த்து மதில் எழுப்பி லாரி நிறுத்துமிடம் ஆக்கியிருக்கிறார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் கண்டெய்னர்கள் மாடி மாடியாக அடுக்கிக் கிடந்தன. கஸ்தூரி வீடு எது, அண்ணன் மாடி எது, தண்ணீர் லாரி வந்து நின்ற இடம் எது என்று மதிலை ஒட்டி நடந்து பார்த்தேன். சாக்கடையைக்கூட மூடிவிட்டார்கள், அடையாளத்துக்கு ஒன்றுமில்லை. மேற்கே புகைபோக்கிகள் நின்றன. அவற்றோடு இரண்டு புதியவை.

லாரி நிறுத்துமிடத்தின் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புத் தூண் நட்டு, உயரத்தில் ஒரு மின்பலகை மாட்டியிருந்தார்கள். காற்றில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு நிமிடம் எண்கள் மாறின. தூணுக்கும் மதிலுக்கும் நடுவே கயிறு கட்டி யாரோ லுங்கி காயப்போட்டிருந்தார்கள். கீழே நிழலில் லாரி கிளீனர் ஒருவர் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு தெரு இருந்துச்சே, தம்பி?"

"தெருவா? தெரியலீங்க மேடம். இங்க வூடுங்களே கெடையாது" என்றார். நான் பலகையை நிமிர்ந்து பார்ப்பதைக் கண்டு அவரும் நிமிர்ந்தார். "அதுவா? அது பகல் ராத்திரின்னு பாக்காம ஓடிகினே கீது மேடம். இன்னான்னு யாருக்கும் தெரில."

சொல்லிவிட்டு, சோற்றில் விழுந்த சாம்பலை விரலால் ஓரமாக ஒதுக்கி, மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.